மூன்று செகண்ட் பொய்

"விடை சரியா இருக்கு. அதுதான் எனக்கு உதைக்குது" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு மூன்று முறை தும்மினார்.

எங்கள் டீச்சருக்குத் துப்பறிவது இரண்டாவது தொழில். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் நடத்தினார். காப்பி அடிக்கப் போகிறவனை அவன் பேனா மூடியைக் கழற்றும் முன்பே பிடித்துவிடுவார் என்று அவரிடம் படித்து உருப்படாமல் போன ஒருவன் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்த ஒருவன் நான்தான். இப்போது அவருக்கு உதவியாளன். ஆறடி இரண்டு அங்குல உயரமும் அதற்குச் சம்பந்தமே இல்லாத எடையும் உடையவன் என்பதால் என்னை 'ஒட்டடை' என்று கூப்பிடுவார். வகுப்பில் வைத்த பெயர். சம்பளம் இரண்டு முறை ஏறியும் பெயர் மாறவில்லை.

காலை மணி பத்து. எண்ணெய்க் கம்பெனியின் தரைத்தளக் கேன்டீனில், கால் ஆடும் மேஜை ஒன்றைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ஆள் எங்கள் கட்சிக்காரர். முப்பத்தைந்து வயது எஞ்சினியர் அம்மா. மூன்றாம் மாடிக் கன்ட்ரோல் ரூமில் ஒன்பது வருடம் ராஜ்ஜியம் நடத்தியவர். சஸ்பெண்ட் ஆனதிலிருந்து வாட்ச்மேன் அவரை லிஃப்ட் பக்கம்கூட விடுவதில்லை. கேன்டீனுக்கு மட்டும் தடையில்லை. அந்தக் காபியைக் குடிப்பதே தண்டனைதான் என்று நிர்வாகம் நினைத்திருக்க வேண்டும்.

"இவனுக்கும் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லும்மா" என்றார் டீச்சர்.

எஞ்சினியர் அம்மா மேஜைமேல் நாலு விரலை ஊன்றினார். "கடல்ல எங்க எண்ணெய்த் தளம் இப்படி நாலு கால்ல நிக்குது. ஹெலிகாப்டர்ல போனா நாப்பது நிமிஷம். அதே தளத்தை நான் கம்ப்யூட்டருக்குள்ள கட்டி வச்சிருக்கேன். ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு வெல்டிங்கும். நிஜத் தளத்தோட கால்ல சென்சார் ஒட்டியிருக்கு. அலை அடிச்சு அது ஆடினா, இங்க மாடலும் அதே மாதிரி ஆடும்."

"ரெட்டைப் பிள்ளை மாதிரி. ஒண்ணை அடிச்சா இன்னொண்ணு அழும்" என்றேன்.

"கிட்டத்தட்ட. தினமும் கடலுக்குள்ள ஆள் இறங்கிக் காலைத் தடவிப் பார்க்க முடியாதில்லையா? அதுக்குப் பதிலா நான் ஒரு நம்பரைப் பார்ப்பேன். தளம் ஒரு தடவை இப்படிப் போய் அப்படித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு. எப்பவும் மூணு செகண்ட். கால் தளர்ந்துச்சுன்னா ஆட்டம் மெதுவாகும், நம்பர் ஏறும்."

"ஏறுச்சு?"

"ரெண்டு வாரம் முன்னாடி. மூணு, மூணு புள்ளி ஒண்ணு, மூணு புள்ளி ரெண்டு. மூணாவது கால்ல எங்கியோ விரிசல்னு மாடல் சொல்லுச்சு. எழுதிக் குடுத்தேன். தண்ணிக்குள்ள இறங்கிப் பார்க்கற டைவர் படகுக்கும் சொல்லியாச்சு. மறுநாள் மத்தியானம் படகு பாதி வழி போனப்ப நம்பர் இறங்கிடுச்சு. திரும்ப மூணு செகண்ட். சுத்தமா மூணு."

"படகைத் திருப்பிட்டாங்க" என்றார் டீச்சர்.

"ஆமா. எங்க பிரிவை மூடப்போறதா ஒரு பேச்சு இருந்துச்சு. வேலையைக் காப்பாத்திக்க நானே நம்பரை ஏத்திப் பயம் காட்டினேன்னு டைரக்டர் சொல்லிட்டார். இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. முடிஞ்சதும் மாடலையே அணைச்சுடப் போறாங்க." அவர் குரல் இறங்கியது. "நாளைக்குக் காலைல பெருங்காத்து வருதுன்னு வானிலைக்காரங்க சொல்லியிருக்காங்க. தளத்துல அறுபத்திரண்டு பேர் இருக்காங்க டீச்சர். அதுல ஒருத்தன் என் தம்பி. பம்ப் பார்க்கிறான்."

"அவனுக்கு நீங்க சஸ்பெண்ட் ஆனது தெரியுமா?" என்று கேட்டேன்.

"சொல்லல. அந்த உயரத்துல நின்னு வேலை பார்க்கிறவன். மனசு கலையக் கூடாது."

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அச்சடித்த தாளில் நம்பரைக் காட்டும் வரைபடக் கோட்டைப் பார்த்தார். ஏறி, ஏறி, ஒரே நாளில் இறங்கி, அப்புறம் ஒழுங்குப் பிள்ளையாக நேராகப் போனது.

"அன்னிக்கு யாராவது காலை ரிப்பேர் பண்ணாங்களா?"

"இல்ல."

"மருந்து, மாத்திரை?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"வழியே எழுதாம விடை மட்டும் சரியா வந்திருக்கு" என்று டீச்சர் தாளை மடித்தார். "இருபத்திரண்டு வருஷம் இதைப் பார்த்திருக்கேன். ஒண்ணு பக்கத்துப் பையன் தாள். இல்லைன்னா டெஸ்க்குக்கு அடியில பிட்டு. மூணாவது வழி கிடையாது. ஒட்டடை, அந்தத் தளத்துலேர்ந்து இன்னிக்கு யாராவது கரைக்கு வராங்களா?"

"பதினோரு மணிக்கு ஷிஃப்ட் மாறுது. பன்னிரண்டு பேர் வருவாங்க" என்றார் எஞ்சினியர் அம்மா.

"அப்போ எழுந்திரு. காபியை விட்டுட்டு வா."

அன்றைக்கு நான் கேட்ட மிக இனிமையான உத்தரவு அதுதான்.

* * *

ஹெலிகாப்டர் நிலையம் என்றால் பெரிதாகக் கற்பனை வேண்டாம். ஒரு தகரக் கூரை, வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, எடை பார்க்கும் மெஷின், 'புகை பிடிக்காதீர்' பலகைக்குக் கீழே சிகரெட் துண்டுகள். கணவன்மாரை அழைத்துப்போக ஏழெட்டு மனைவிமார் காத்திருந்தார்கள். இரண்டு பேர் கையில் குழந்தை.

ஹெலிகாப்டர் இறங்கியது. பன்னிரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முதல் மனைவி ஆசையாக இரண்டு அடி முன்னால் போனார். பிறகு மூன்று அடி பின்னால் வந்தார். அடுத்தவர் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே கணவரின் கையைப் பிடித்தார். பதினைந்து நாள் பிரிவை இப்படி ஒரு கைக்குட்டை தூரத்தில் கொண்டாடி நான் பார்த்ததில்லை.

எனக்கும் வந்து சேர்ந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

"என்ன ஆச்சு எல்லாருக்கும்?" என்றார் டீச்சர். ஜலதோஷம் அவரைக் கவசம் போலக் காத்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், இந்தப் பன்னிரண்டு பேரும் சோப்பைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

"எல்லாருமா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம. உங்க மூக்கு இன்னிக்கு லீவுல இருக்கறது உங்க அதிர்ஷ்டம்."

டீச்சரின் முகம் மாறியது. பின்பெஞ்சில் கிசுகிசுப்பு கேட்டால் வருமே, அந்த முகம். வரிசையிலேயே வயதான ஒருவர் தனியாக பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் போனார். வேண்டாம் ஐயா என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்தார். வெல்டராம். தளத்தில் பதினெட்டு வருடம்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. நாங்க நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கதான். தண்ணி இல்ல. பன்னிரண்டு நாளா ஒரு ஆளுக்கு ஒரு சொம்பு. குடிக்க மட்டும் படகுல பாட்டில் வருது."

"பன்னிரண்டு நாளா? சரியாத் தெரியுமா?" என்றார் டீச்சர்.

"எண்ணாம இருப்பேனாம்மா? சொறிஞ்சு சொறிஞ்சு எண்ணினேன்."

நம்பர் இறங்கியதும் பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான். டீச்சர் என் விலாவில் இடித்தார்.

"தண்ணி ஏன் இல்ல?"

"டேங்க் கழுவறாங்களாம். மேனேஜர் நோட்டீஸ் போட்டிருக்கார்."

"எத்தனை டேங்க்?"

"எட்டு. குடிக்கற தண்ணி, துளை போடற தண்ணி எல்லாம் சேர்த்து ஐந்நூறு டன் பிடிக்கும். எல்லாம் மேல்தளத்துலதான். எட்டும் காலி."

"ஏங்க, வீட்டுல பாத்திரம் விளக்கறவங்க எல்லாத்தையும் ஒரே நேரத்துல தொட்டியில போட்டுட்டு சாப்பிட இலையைத் தேடுவாங்களா? ஒண்ணு ஒண்ணாத்தானே கழுவணும்?" என்றேன்.

"அதேதான் நாங்களும் கேட்டோம்" என்றார் வெல்டர். "யாரும் கழுவற மாதிரியும் தெரியல. திறந்துவிட்டாங்க, அவ்வளவுதான். மூணு வருஷம் முன்னாடி உள்பக்கம் பெயின்ட் அடிக்கறப்போ இதே மாதிரி மொத்தத்தையும் காலி பண்ணாங்க. ஆனா அது ஒரு வாரம்தான். அப்பவும் என் பொண்டாட்டி இப்படித்தான் வரமாட்டேன்னுட்டா."

அவர் பையோடு எழுந்து போனார். மனைவி வரவில்லை, மச்சானைத்தான் அனுப்பியிருந்தார். மச்சான் கார் கண்ணாடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் அடிஸ்கேலை எடுத்தார். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் அது இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். என் உள்ளங்கை அனிச்சையாக மூடிக்கொண்டது.

"பயப்படாதே. பாடம்தான்." ஸ்கேலின் ஒரு நுனியைப் பெஞ்சு விளிம்பில் அழுத்திப் பிடித்து, மறு நுனியில் தன் சாவிக்கொத்தை மாட்டினார். தட்டிவிட்டார். ஸ்கேல் சோம்பேறித்தனமாக மேலும் கீழும் ஆடியது. "பாரம் இருந்தா மெதுவா ஆடுது. இப்போ பார்." சாவியைக் கழற்றிவிட்டுத் தட்டினார். விர்ரென்று ஆடியது.

"பாரம் போனா வேகமாகுது" என்றேன்.

"கால் தளர்ந்தா ஆட்டம் மெதுவாகும். மேல பாரத்தைக் குறைச்சா ஆட்டம் வேகமாகும். ரெண்டையும் சேர்த்துப் பண்ணினா?"

எனக்குக் கணக்கு வராது. ஆனால் இது வந்தது.

"மூணு செகண்ட்" என்றேன். "கால் விரிசல் விட்டது விட்டபடியேதான் இருக்கு. ஐந்நூறு டன் தண்ணியைக் கொட்டிட்டு நம்பரை மட்டும் சரி பண்ணிட்டாங்க."

"கால் பாஸாகல ஒட்டடை. எவனோ பேப்பரைத் திருத்தியிருக்கான்." ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். "நோட்டீஸ் போட்டவன் யாரு? தள மேனேஜர். டைவர் இறங்கி விரிசலைப் பார்த்தா தளத்தை நிறுத்தணும், அவனுக்குக் கெட்ட பேர். பிடிச்சாச்சு."

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு கேஸ் முடிந்தால் எனக்கு நம்பிக்கை வராது. ஆனால் டீச்சரிடம் அதைச் சொல்லும் தைரியம் ஏழாம் வகுப்போடு போய்விட்டது.

* * *

மூன்று மணிக்கு, இரண்டு வாரத்தில் முதல் முறையாக, எஞ்சினியர் அம்மா தன் கன்ட்ரோல் ரூமுக்குள் விருந்தாளி அட்டை மாட்டிக்கொண்டு நுழைந்தார். ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. சுவர் முழுக்க ஒரு திரை. அதில் கடலும், நாலு காலில் நிற்கும் தளமும். பச்சை நிறத்தில், மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நம்பர்: 3.0.

டைரக்டர் நடு நாற்காலியில் இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு மேனேஜர்கள், தலையாட்டுவதற்கு. மேஜைமேல் ஒரு ஸ்பீக்கர். மறுமுனையில் தளத்தின் அலுவலக அறை.

"துப்பறிவாளருக்குப் பத்து நிமிஷம்" என்றார் டைரக்டர்.

"அஞ்சு போதும். மீதியை நீங்களே வச்சுக்குங்க" என்ற டீச்சர், ஸ்பீக்கரைப் பார்த்தார். "தள மேனேஜர் இருக்கீங்களா? உங்க டேங்க்ல இப்போ எவ்வளவு தண்ணி இருக்கு?"

"சுத்தமா இல்லம்மா" என்றது ஒரு கட்டைக்குரல். "ஏன், எங்க வாசனை அங்க வரைக்கும் வந்துடுச்சா?"

"எனக்கு ஜலதோஷம். ஏம்மா எஞ்சினியர், உன் மாடல்ல தண்ணிக்கு எவ்வளவு எடை போட்டிருக்கு?"

எஞ்சினியர் அம்மா திரைப் பக்கம் திரும்பினார். "ஐந்நூறு டன். மாசத்துக்கு ஒரு தடவை தளத்துலேர்ந்து எடைத் தாள் வரும். அதைப் பார்த்துக் கையால தட்டுவோம். அடுத்த தாள் வர இன்னும் பத்து நாள் இருக்கு. டேங்க் எப்பவும் நிரம்பியேதான் இருக்கும், அதனால..." ஒன்பது வருடம் ஒவ்வொரு வெல்டிங்கையும் பார்த்துப் பார்த்துக் கட்டியவர், தண்ணீர் தீர்ந்துபோனதை மாடலுக்குச் சொல்ல ஆளில்லை என்பதை அப்போதுதான் கண்டார்.

"டைரக்டர் சார், அந்த ஐந்நூறை அழிச்சிட்டு பூஜ்யம் போடுங்க. நீங்களே போடுங்க. அப்புறம் இவங்க கை வச்சாங்கன்னு யாரும் சொல்லக் கூடாது."

டைரக்டருக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு பூஜ்யத்துக்குப் பயப்பட்டதாகத் தெரிந்தால் மரியாதை என்னாவது? ஒற்றை விரலால் தட்டினார். திரை கொஞ்சம் யோசித்தது. முதல் கால் பச்சை. இரண்டாவது பச்சை. நாலாவது பச்சை. மூன்றாவது கால், நடுப்பகுதியிலிருந்து மேலும் கீழும், இரத்தச் சிவப்பாக மாறியது.

தலையாட்டிகள் இருவரும் ஆட்ட மறந்தார்கள்.

"இது வெறும் கம்ப்யூட்டர் விளையாட்டு. எதைத் தட்டினாலும் ஏதாவது கலர் வரும்" என்றார் டைரக்டர். குரலில் பழைய கெத்து இல்லை.

"அப்போ கம்ப்யூட்டரை விடுங்க. மூணு வருஷம் முன்னாடி டேங்க்குக்குப் பெயின்ட் அடிச்சப்போ எட்டும் காலியா இருந்துச்சு. அந்த வாரத்து நம்பர் என்ன? சென்சார் பதிவுலேயே இருக்கும்."

எஞ்சினியர் அம்மா சொல்லச் சொல்ல, டைரக்டரே தேடி எடுத்தார். அந்த ஒரு வாரம் முழுக்க 2.8.

"நல்ல கால், காலி டேங்க், ரெண்டு புள்ளி எட்டு" என்றார் டீச்சர். "இன்னிக்கும் காலி டேங்க். ஆனா மூணு. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் சார் உங்க விரிசல். இவங்க பயம் காட்டல. இவங்க சொன்னது அத்தனையும் நிஜம்."

எஞ்சினியர் அம்மா கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஆனால் டீச்சர் இன்னும் முடிக்கவில்லை. மேடை கிடைத்தால் விடமாட்டார்.

"இப்போ குற்றவாளிக்கு வருவோம். விரிசலை மறைக்கறதுக்காக, டேங்க் கழுவறதா நோட்டீஸ் போட்டு, ஐந்நூறு டன் தண்ணியைக் கடல்ல கொட்டின ஆள் நீங்கதானே தள மேனேஜர்?"

ஸ்பீக்கரில் சிரிப்பு கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, இருமல் வரும்வரை சிரித்தார் மனிதர்.

"அம்மா, எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. பன்னிரண்டு நாளா ராத்திரி தூக்கம் கிடையாது. விரிசலை மறைக்கணும்னா ஒரு சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டுட்டு ஜாலியாக் குளிச்சிருக்க மாட்டேனா? நோட்டீஸ்ல கையெழுத்து என்னுதுதான். கழுவணும், உள்ள துருப்பிடிச்சிருக்குன்னு என்கிட்ட வந்து கேட்டவன் வேற ஆளு. இதோ, பக்கத்துலேயேதான் நிக்கறான். மூஞ்சி வெளிறிப்போச்சு."

டீச்சரின் வாய் திறந்தபடி நின்றது. பதினாறு வருடப் பழக்கத்தில் அவர் விடை தப்பானதை நான் பார்த்தது அது ஒரு முறைதான். மகிழ்ச்சிப்பட நேரம் இருந்தால் பட்டிருப்பேன்.

ஸ்பீக்கரில் இன்னொரு குரல் கேட்டது. இளம் குரல்.

"அக்கா."

எஞ்சினியர் அம்மா மேஜை விளிம்பைப் பிடித்தார்.

"நான்தான்க்கா திறந்துவிட்டேன். நீ அன்னிக்கு போன்ல அழுதே. நம்பர் ஏறுது, ஏறுது, மேல இவ்வளவு பாரத்தை வச்சுக்கிட்டு அந்தக் கால் எப்படித்தான் தாங்குதோன்னு சொல்லிச் சொல்லி அழுதே. நான் இங்க பம்ப் பார்க்கறேன். என் கையில இருக்கிற பாரம் தண்ணிதான். பாரத்தைக் குறைச்சா காலுக்கும் நல்லது, உனக்கும் நிம்மதின்னு நினைச்சேன். மேனேஜர்கிட்ட துருன்னு பொய் சொன்னேன். மறுநாள் நீ போன் பண்ணி நம்பர் இறங்கிடுச்சுடான்னு சொன்னப்போ உன் குரல்ல அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க மனசு வரல. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். உன்னை சஸ்பெண்ட் பண்ணது எனக்கு இப்போ, இந்த ரூம்லதான்க்கா தெரியும்."

அக்கா அழுததால் தம்பி தண்ணீரைத் திறந்தான். தம்பி திறந்ததால் அக்காவைப் பொய்க்காரி என்றார்கள். அவன் கவலைப்படுவான் என்று இவர் சொல்லவில்லை. இவர் கவலைப்படுவார் என்று அவன் சொல்லவில்லை. அறுபத்திரண்டு பேர் இதற்கு நடுவில் வேர்க்குருவோடு புரண்டுகொண்டிருந்தார்கள்.

டைரக்டருக்குப் பிடி கிடைத்தது. "ஆக, குற்றவாளி இவங்க சொந்தத் தம்பி. குடும்பமா சேர்ந்து..."

"சார்" என்றார் எஞ்சினியர் அம்மா. அழுகை போன இடம் தெரியவில்லை. "அவனை என்ன பண்ணணுமோ பண்ணுங்க, என்னையும் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலைல வர்ற காத்தை இதுல போட்டுப் பாருங்க. உங்க கையாலேயே."

டைரக்டர் டீச்சரைப் பார்த்தார். "போடுங்க சார், ஒரு விரல்தானே" என்றேன் நான்.

போட்டார். திரையில் அலை எழும்பியது. தளம் ஒரு பக்கம் போனது, திரும்பியது, மறுபடி போனது. மூன்றாவது காலின் சிவப்பு கருத்தது. பிறகு அந்த இடத்தில் கால் இல்லை. மேல்தளம் மூலையோடு கீழே தொங்கியது. டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அந்த ஆளிடம் எனக்கு ஒரே ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டென்றால், அதற்கப்புறம் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதுதான். போனை எடுத்தார்.

"எல்லா ஹெலிகாப்டரையும் கிளப்புங்க. எண்ணெய்க் கிணத்தையெல்லாம் மூடச் சொல்லுங்க. ஒருத்தர் மிச்சமில்லாம இறக்கணும். ஆமா, இப்பவே."

ஸ்பீக்கரில் தம்பி சொன்னான்: "அக்கா, பம்பெல்லாம் நிறுத்தி வால்வ் மூடணும். நான் கடைசி நடையில வரேன்."

எஞ்சினியர் அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மாடலின் முன்னால் தன் பழைய நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விருந்தாளி அட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

பதினாறு பதினாறு பேராக நாலு நடை. வெயில் மஞ்சளாவதற்குள் மூன்று நடை வந்துவிட்டது. நாலாவது நடை வரத் தாமதமானது. அந்த இருபத்தைந்து நிமிஷமும் எஞ்சினியர் அம்மா ஹெலிகாப்டர் நிலையத்தின் தகரக் கூரைக்கு அடியில் இங்கும் அங்கும் நடந்தார். டீச்சர் நகம் கடித்தார், மாணவர்கள் கடித்தால் ஸ்கேலால் அடிப்பவர். கடைசியில் ஹெலிகாப்டர் தெரிந்தது. தள மேனேஜர் இறங்கினார். அவருக்குப் பின்னால் தம்பி, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு. அக்காவைப் பார்த்ததும் நின்றான்.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். கை, கால், தலை, எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கிற பார்வை. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தார். அவன் பின்னாலேயே போனான். ராத்திரிச் சாப்பாட்டை வைத்தாராம், பேசவில்லையாம். அவன்தான் என்னிடம் பிறகு சொன்னான்.

* * *

மறுநாள் காலை ஆறு மணிக்கே காற்று பிடித்துக்கொண்டது. கன்ட்ரோல் ரூமின் ஜன்னல்கள் கடகடத்தன. எஞ்சினியர் அம்மா மாடலின் முன்னால் இருந்தார். டைரக்டர் மூலையில் நின்றார், உட்கார யாரும் சொல்லாததால். தம்பி சுவரோரம், டீச்சருக்குப் பக்கத்து ஸ்டூலில், தலையைக் குனிந்துகொண்டிருந்தான். டீச்சர் அவனுக்கு ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார். அவன் அதைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

நாற்பது கிலோமீட்டர் வேகம், அறுபது, எழுபது. திரையில் ஆளில்லாத தளம் ஆடியது. 3.1. 3.3. 3.6.

ஆறு நாற்பதுக்கு மூன்றாவது காலின் சென்சார் கோடு ஒரு தடவை விறைத்து எழுந்தது. பிறகு நேர்கோடாகிவிட்டது. மற்ற மூன்று கோடுகளும் தாறுமாறாகத் துடித்தன. மாடல் அந்தக் காலை அழித்தது.

"போச்சு" என்றார் எஞ்சினியர் அம்மா.

சத்தம் எதுவும் இல்லை. நாற்பது நிமிஷம் பறந்து போகிற தூரத்தில் ஓர் இரும்புக் கால் முறிந்ததற்கு, இங்கே ஒரு கோடு படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

டீச்சர்தான் கேட்டார். "தம்பி, அந்தக் கால் மேல என்னப்பா இருக்கு?"

"ஆளுங்க தூங்கற ரூம், டீச்சர்."

"எத்தனை கட்டில்?"

"முப்பது." அவன் மிட்டாயை விரலால் உருட்டினான். "இந்நேரத்துக்கு எல்லாத்துலயும் ஆள் இருக்கும். என்னுது ஜன்னல் பக்கம்."

எஞ்சினியர் அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். அறைவார் என்றுதான் நினைத்தேன். அவனும் நினைத்திருப்பான், கண்ணை மூடிக்கொண்டான். அவர் அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து, அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அழுகையில் அவர் உடம்பு முழுவதும் குலுங்கியது.

"இனிமே எது பண்ணாலும் என்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுடா" என்றார்.

"நீயும் சொல்லணும்க்கா" என்றான் தம்பி.